கான்பெராவில் பழைய விறகு ஹீட்டர்: மானியம் வாங்கி மாற்றுவது சரியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் தெற்கே டக்கரனாங்கில் எண்பதுகளில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறீர்கள். கூடத்தில் பழைய விறகு ஹீட்டர் ஒன்று நிற்கிறது. அதைக் கழற்றினால் அரசு மானியம் கிடைக்கும். மானியத்தை வாங்கிக்கொண்டு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் செய்யும் ரிவர்ஸ் சைக்கிள் ஏசிக்குப் போவதா, அல்லது "இப்போது வருவதில் புகையே இல்லை" என்று கடைக்காரர் காட்டும் புது விறகு ஹீட்டரை வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரிகளில்தான் உங்கள் கவலை இருக்கிறது: மைனஸ் ஐந்து டிகிரி இரவில் ஏசி தாங்குமா, கரண்ட் பில் எங்கே போய் நிற்கும், ஆஸ்துமா உள்ள மாமியார் மே மாதம் ஊரிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்கத் தங்கப்போகிறாரே, அவருக்கு எது நல்லது. எனவே மானியத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, இவற்றை முதலில் சொல்கிறேன்.

நான் வீடுகளின் வெப்பக் கணக்குப் போடும் பொறியாளர். இந்த ஊர் வீடுகளின் கூரைக்குள் ஏறி இறங்குவதுதான் பல வருடங்களாக என் வேலை. மருத்துவர் இல்லை, எனவே உங்கள் மாமியாரின் மருந்து, இன்ஹேலர் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டை நேரில் பார்க்காமல் எத்தனை கிலோவாட் ஏசி வேண்டும் என்று சொல்வதும் சரியாக இருக்காது. மற்றபடி என் பதிலில் தயக்கம் இல்லை: விறகு ஹீட்டரை எடுத்துவிடுங்கள், அதன் இடத்தில் இன்னொரு விறகு ஹீட்டரை வைக்காதீர்கள், ஏசி வாங்குவதற்கு முன்பு கூரையைப் பாருங்கள்.

புகையிலிருந்து தொடங்குகிறேன். டக்கரனாங் மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. காற்றில்லாத, மேகமில்லாத குளிர்கால இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடும். அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும். வீடுகளின் புகைபோக்கியிலிருந்து வரும் புகை அந்த மூடியைத் தாண்டி மேலே போக முடியாமல், நாம் சுவாசிக்கும் உயரத்திலேயே விடியும்வரை கிடக்கும். எல்லோரும் ஹீட்டர் போடுகிற இரவும், புகை கலையாத இரவும் ஒரே இரவு என்பதுதான் இந்த ஊரின் சங்கடம். டக்கரனாங்கின் மோனாஷ் பகுதியில் உள்ள காற்றுத்தர நிலையத்தின் குளிர்கால அளவுகளைப் பார்த்தால் மாலையில் ஏறத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டியும் இறங்காமல் இருப்பது தெரியும். பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வரம்பு, ஒரு நாள் சராசரியாக கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். ஆஸ்திரேலியா பல காலம் வைத்திருந்த தரம் 25. மோசமான ஜூன், ஜூலை நாட்களில் டக்கரனாங் இரண்டையும் தாண்டியிருக்கிறது.

இந்தப் புகை ஆஸ்துமாவைத் தூண்டும், இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை. அது எத்தனை பேரைக் கொல்கிறது என்ற எண்ணில்தான் சந்தேகம். விறகு ஹீட்டர் புகையால் கான்பெராவில் ஆண்டுக்கு 11 முதல் 63 பேர் வரை இறக்கக்கூடும் என்று 2023-ல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இவ்வளவு அகலமான இடைவெளி ஏன் என்றால், காற்றில் உள்ள துகளில் விறகுப் புகையின் பங்கு எவ்வளவு, ஒவ்வொரு மைக்ரோகிராமும் எவ்வளவு தீங்கு செய்கிறது என்பதை ஊகித்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. யாராவது ஒற்றை எண்ணை உறுதியாகச் சொன்னால் சற்று எச்சரிக்கையாகக் கேளுங்கள். கீழ் எல்லையான 11-ஐ எடுத்துக்கொண்டாலும் இது சின்ன ஊருக்குச் சின்ன எண்ணிக்கை இல்லை.

ஹீட்டர்களை மாற்றினால் காற்று உண்மையிலேயே சுத்தமாகுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று டாஸ்மேனியாவின் லான்செஸ்டன். அதுவும் உங்கள் டக்கரனாங்கைப் போலவே பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். 2001 முதல் 2004 வரை அங்கே விறகு ஹீட்டரை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறுபவர்களுக்கு 500 டாலர் கொடுத்தார்கள். கூடவே விறகை எப்படி எரிப்பது என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விறகால் வெப்பமூட்டும் வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தன. குளிர்காலத்தில் பிஎம் 10-இன், அதாவது சற்றுப் பெரிய துகளையும் சேர்த்து அளக்கும் அளவின், அன்றாடச் சராசரி 44 மைக்ரோகிராமிலிருந்து 27-க்கு இறங்கியது. இது அளந்து பார்த்த விஷயம், மறுக்க இடமில்லை. பிறகு டாஸ்மேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல ஆண்டுகளின் இறப்புகளை ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். ஆண்களில் மொத்த இறப்பு 11 சதவீதத்துக்கு மேல், இதய நோய் இறப்பு கிட்டத்தட்ட 18 சதவீதம், சுவாச நோய் இறப்பு கிட்டத்தட்ட 23 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டில் அதே காலத்தில் அப்படிக் குறையவில்லை. பெண்களில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. ஊர் சின்னது, இறப்புகளின் எண்ணிக்கையும் சின்னது. எனவே சதவீதங்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். திசை எந்தப் பக்கம் என்பது மட்டும் தெளிவு.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. மானியம் வாங்கி மாற்றியவை 2000-க்குச் சற்று அதிகமான வீடுகள்தான்; ஊரில் பத்தில் ஒரு வீடுகூட ஆகாது. அப்படியிருக்க விறகு எரிக்கும் வீடுகள் பாதிக்கு மேல் குறைந்திருக்கின்றன என்றால், பெரும்பாலானவர்கள் தங்கள் கைப்பணத்தில் மாறியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஏசி ஓடுவதைப் பார்த்தும், பில்லைக் கேட்டும், விறகு சுமந்து அலுத்தும் மாறியிருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மானியம் தொடங்கிவைக்கிறது, மீதியை ஊர் பார்த்துக்கொள்கிறது என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. உங்கள் தெருவில் நீங்கள் மாறுவது உங்கள் வீட்டோடு நிற்காது.

இனி கடைக்காரர் காட்டும் புது விறகு ஹீட்டர். ஆஸ்திரேலியத் தரத்தின்படி 2019 முதல் விற்கப்படும் ஹீட்டர் ஒரு கிலோ விறகுக்கு 1.5 கிராமுக்கு மேல் துகள் விடக் கூடாது, 60 சதவீதத் திறனாவது இருக்க வேண்டும். எண்பதுகளின் ஹீட்டரோடு ஒப்பிட்டால் காகிதத்தில் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சோதனை நன்கு காய்ந்த, அளந்து வெட்டிய விறகை, பயிற்சி பெற்றவர் ஆய்வகத்தில் எரித்துப் பார்ப்பது. வீட்டில் நடப்பது என்ன? இரவு பத்து மணிக்குப் பெரிய கட்டை ஒன்றைத் திணித்து, விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று காற்று வழியை அடைத்துவிட்டுத் தூங்கப்போகிறோம். காற்று போதாமல் மரம் எரியாது, புகையும். ஈர விறகாக இருந்தால் இன்னும் மோசம். அந்த எட்டு மணி நேரத்தில் புது ஹீட்டரும் பழையதைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மான்டானா, ஐடஹோ, அலாஸ்காவில் விறகு அடுப்பால் வெப்பமூட்டும், ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றுக்குப் புது விறகு அடுப்பும் சிலவற்றுக்குக் காற்று வடிகட்டியும் கொடுத்தார்கள். வடிகட்டி வைத்த வீடுகளுக்குள் நுண்துகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. புது அடுப்பு வைத்த வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. அதே மான்டானாவின் லிபி என்ற சிற்றூரில், 2005-லிருந்து சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய அடுப்புகளைச் சான்றிதழ் பெற்ற புது விறகு அடுப்புகளாக மாற்றியபோது ஊரின் குளிர்காலத் துகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே புது விறகு ஹீட்டரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊர் முழுக்க, கண்காணிப்போடு மாற்றினால் வெளிக்காற்று ஓரளவு தேறும். உங்கள் மாமியார் உட்காரும் கூடத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. கதவைத் திறந்து விறகு போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புகை கூடத்துக்குள் வரும், அதை எந்தத் தரச் சான்றும் தடுக்காது. ஊரில் விறகடுப்பில் பல வருடம் சமைத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நுரையீரல் ஏற்கெனவே வேண்டிய அளவு புகையை வாங்கிவிட்டது.

மேலும், கான்பெரா அரசு 2023-ல் விறகு ஹீட்டர்களை 2045-க்குள் படிப்படியாக இல்லாமல் செய்வதாக அறிவித்துவிட்டது. அந்தத் திசையில் போகும் ஊரில் இன்று ஐந்தாறாயிரம் டாலர் கொட்டிப் புது விறகு ஹீட்டர் வைப்பது வீணான முதலீடு. எரிவாயு ஹீட்டருக்கும் இதே பதில்தான். அதற்கும் அரசு வைத்திருக்கும் கெடு 2045.

அடுத்து, மைனஸ் ஐந்தில் ஏசி தாங்குமா? தாங்கும், சரியான அளவில் வாங்கினால். ரிவர்ஸ் சைக்கிள் ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. மைனஸ் ஐந்து டிகிரிக் காற்றிலும் எடுக்க வெப்பம் இருக்கிறது. நம்மைவிடக் கடும் குளிரான நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதே வகைக் கருவி ஓடுகிறது. பிரச்சினை எங்கே வருகிறதென்றால், பெட்டியில் போட்டிருக்கும் கிலோவாட் எண் வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. மைனஸ் ஐந்தில் அது கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ குறையலாம். அதோடு பனிமூட்டமான இரவுகளில் வெளி யூனிட்டில் பனி படியும். அதை உருக்க அவ்வப்போது ஏசி தானாகச் சில நிமிடங்கள் நின்று மறுபடி ஓடும். பலர் இதைப் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். பழுது இல்லை. எனவே கொட்டேஷன் தருபவரிடம் "மைனஸ் ஐந்தில் எத்தனை கிலோவாட் தரும்?" என்று கேளுங்கள், தயாரிப்பாளரின் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கருவியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் மூன்று மண்டலங்கள் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது குளிர் மண்டலத்தின் நட்சத்திரங்களை. சுவரின் உச்சியில் மாட்டும் வகையைவிடத் தரையோரம் வைக்கும் கன்சோல் வகையை நான் விரும்புவேன். வெப்பக் காற்று மேலே போகும் இயல்புடையது. கீழிருந்து வந்தால் கால் குளிராது, வயதானவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். பழைய ஹீட்டர் இருந்த இடத்திலேயே அது பெரும்பாலும் பொருந்தியும் விடும்.

செலவுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நன்கு காய்ந்த ஒரு டன் விறகில் ஏறக்குறைய 4,400 யூனிட் வெப்பம் இருக்கிறது. பழைய ஹீட்டர் அதில் பாதியை, நன்றாக எரித்தால் 55 சதவீதத்தை, வீட்டுக்குத் தரும். மீதி புகைபோக்கி வழியே போய்விடும். அதாவது டன்னுக்குச் சுமார் 2,400 யூனிட். ஏசி ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குளிர்கால முழுமைக்கும் சராசரியாக மூன்று யூனிட் வெப்பம் தருவதாக வைத்துக்கொண்டால், அதே வெப்பத்துக்கு 800 யூனிட் மின்சாரம் போதும். யூனிட் 30 சென்ட் என்றால் 240 டாலர். இதை நீங்கள் ஒரு டன் விறகுக்குக் கொடுக்கும் விலையோடு வைத்துப் பாருங்கள். விலை கொடுத்து விறகு வாங்கும் யாருக்கும் ஏசி மலிவாகத்தான் வரும். விறகு சும்மா கிடைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சொந்த நிலத்தில் விழுந்த மரத்தை வெட்டி எரிப்பவரிடம் பணம் மிச்சமாகும் என்று நான் வாதாட மாட்டேன். உங்களுக்கு அந்த நிலை இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: விறகு ஹீட்டர் இருந்தபோது கூடம் மட்டும்தான் சூடாக இருந்திருக்கும். ஏசி வந்ததும் எல்லா அறையிலும் 24 டிகிரி வைக்கத் தொடங்கினால் பில் ஏறும், அது கருவியின் குற்றம் இல்லை. இருபது டிகிரியில் வைத்துவிட்டு, மாமியாருக்கு மடியில் போட்டுக்கொள்ள ஒரு மின் போர்வை வாங்கிக்கொடுங்கள். அது இழுப்பது நூறு, நூற்றைம்பது வாட்தான்.

விறகுத் தீயின் நேரடி அனல் மேலே படும் சுகத்தை ஏசி தராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கரண்ட் போனால் ஏசி நின்றுவிடும் என்பதும் உண்மைதான். நகரத்துக்குள் இருக்கும் உங்களுக்கு அது வருடத்தில் சில மணி நேரத்து விஷயம். மலையடிவாரப் பண்ணை வீடாக இருந்தால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது.

கூரைக்கு வருகிறேன். எண்பதுகளின் கான்பெரா வீடுகளில் உள்கூரை மேல் போட்ட வெப்பக் காப்புக் கம்பளி காலப்போக்கில் அமுங்கி, விளக்கு மாட்ட வந்தவர் ஓரிடத்தில் ஒதுக்கிவிட்டு, பாதி இடம் வெறுமையாகக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வாடகை வீடுகளில் கூரைக் காப்பு மிகக் குறைவாக இருந்தால் ஆர் 5 அளவுக்கு (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) உயர்த்த வேண்டும் என்று 2023 முதல் இங்கே விதி வந்திருக்கிறது. சொந்த வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அந்த அளவையே நீங்களும் இலக்காக வையுங்கள். கதவடி இடைவெளி, மூடி இல்லாத எக்ஸாஸ்ட் ஃபேன், பழைய சுவர்த் துவாரம் ஆகியவற்றையும் அடைத்துவிட்டால், எட்டு கிலோவாட் தேவைப்பட்ட கூடத்துக்கு ஐந்தாறு போதும் என்றாகலாம். இந்த வரிசை முக்கியம். பெரிய ஏசி வாங்கிவிட்டுப் பிறகு கூரையைச் சரிசெய்தால் ஏசிக்குக் கொடுத்த கூடுதல் பணம் திரும்பாது. ஒரேயொரு நிபந்தனை: விறகு ஹீட்டரோ எரிவாயு ஹீட்டரோ வீட்டில் எரிந்துகொண்டிருக்கும்போது காற்றிடைவெளிகளை இறுக்கி அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கிவிடும். முதலில் ஹீட்டர் போகட்டும், பிறகு அடையுங்கள்.

ஹீட்டரை நீங்களே கழற்ற வேண்டாம். உங்கள் வீட்டின் வயதில், ஹீட்டருக்குப் பின்னும் அடியிலும் இருக்கும் தட்டைப் பலகை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. கதவைச் சுற்றிய கயிறும் அப்படியே. ஆஸ்பெஸ்டாஸால் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை அரசே வாங்கி இடித்த ஊர் இது. துளை போடுவதற்கும் பலகையைப் பெயர்ப்பதற்கும் முன்பு உரிமம் பெற்றவரைக் கொண்டு மாதிரி எடுத்துச் சோதியுங்கள், இருந்தால் அவர்களே அகற்றட்டும். புகைபோக்கியையும் முழுதாக எடுத்து, ஓட்டிலும் உள்கூரையிலும் உள்ள துளையை மூடச் சொல்லுங்கள். குழாயை அப்படியே விட்டால் சூடான காற்று இரவு முழுக்க அதன் வழியே வெளியேறும். கொட்டேஷனில் இந்த வேலை தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

மானியத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது மொத்தச் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும். தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும் என்பதால் அரசின் பக்கத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எதையும் கழற்றுவதற்கு முன்பே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். ஹீட்டர் இருக்கும் நிலையில் படம் எடுத்துவையுங்கள், எல்லா ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹீட்டரை இணையத்தில் விற்க நினைக்காதீர்கள். மானியத்தின் நோக்கமே அது இன்னொரு வீட்டில் எரியாமல் இருப்பதுதான். பழைய இரும்புக்குப் போகட்டும்.

கடைசியாக மாமியார் விஷயம். நீங்கள் மாற்றிவிட்டாலும் அக்கம்பக்கத்துப் புகை மாலையானால் வரும், ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே நுழையும். அவர் படுக்கும் அறையில், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வையுங்கள். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் வடிகட்டி வைத்த வீடுகளின் குழந்தைகள் தங்கள் அன்றாட வாழ்வு மேம்பட்டதாகச் சொல்லவில்லை. மூச்சை ஊதி அளக்கும் கருவியில் காலைக்கும் மாலைக்கும் உள்ள ஏற்ற இறக்கம் மட்டும் குறைந்திருந்தது. எனவே இதை மருந்தாக நினைக்க வேண்டாம், அவருடைய இன்ஹேலர் தொடரட்டும். வாங்கும்போது அந்த அறையின் அளவுக்குப் போதுமானதா என்று பாருங்கள், மாலை ஐந்து மணிக்கே போட்டுவிடுங்கள், ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுவதை நண்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் டக்கரனாங்கின் காற்று பெரும்பாலும் தெளிந்திருக்கும். மே மாதத்துக்குள் ஏசி மாட்டி முடியாவிட்டாலும் இந்தச் சுத்திகரிப்பானை அவர் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.